நூதனசாலையில் ஞாயிற்றுக்கிழமைகள்

கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் ஒருவன் ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வான்? காலையிற் கோயிலுக்குப் போவான். மத்தியானம் ஆறுதலாக இருந்து சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்வான். வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலிமுகத் திடலுக்குப் புறப்படுவான். நானும் அப்படி இருந்தவனே. பின்னர் எப்படியோ என் ஞாயிற்றுக்கிழமைகளை நூதனசாலை பிடித்துக்கொண்டது. "இவருக்குக் கல்லுப் பைத்தியம்" என்று வீட்டிலே சொல்லுகிறார்கள். அதை மறுத்துரைக்க என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை.

மலர்க் குழுவினர் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். அரசர்களின் வரிசையையும் போர்களின் வரிசையையும் எழுதக் கற்றோர் பலர் உளர். நானோ கற்றவனல்லன், சைவசமய வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று கல்லையும் விக்கிரகத்தையும் காட்டிக் கதை சொல்லும் ஒரு தொண்டன். ஆகையால், நான் நின்று பேசும் இடத்தைப் பற்றியும், அங்கே என்னைத் திருத்திய ஒரு பெரியவரைப் பற்றியும் எழுதுவதே எனக்குத் தகும்.

கொழும்பு நூதனசாலை 1877 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. தேசாதிபதி சேர் வில்லியம் கிறகறி அதனை நிறுவினார். சிமிதர் என்னும் சிற்பி வரைபடம் வகுத்தார். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் பெரியார். கட்டி முடிந்ததும், உமக்கு என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தாற் போதும் என்றாராம் மரைக்கார். இது செவிவழிக் கதை. கதை என்று சொல்லியே பிள்ளைகளுக்கும் சொல்வேன். நூதனசாலை திறந்த அதே 1877 ஆம் ஆண்டில், அதே கொழும்பிலே, ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். பின்னொரு காலத்தில் அந்தச் சாலையில் இருந்த விக்கிரகங்களின் பெருமையை உலகுக்கு எடுத்துரைக்கப் போகிறவர், சாலையோடு ஒத்த வயதினர்! இதைச் சொல்லும்போது பிள்ளைகள் அவ்வளவாக மகிழ்வதில்லை. எனக்கோ ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சிதான்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது காலிக் கல். அதன் தலைப்பிலே இரண்டு சீன நாகங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன; அது போதும் அவர்களுக்கு. கீழே மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். 1911 ஆம் ஆண்டில் காலி நகரத்திலே தொமலின் என்னும் எஞ்சினியர் இதனைக் கண்டெடுத்தபோது, இது தெருவோரத்து மதகு ஒன்றை மூடிக் கிடந்தது. சீனச் சக்கரவர்த்தியின் பெயரால் வெட்டப்பட்ட சாசனத்தின் மேலே எத்தனை வண்டிகள் ஓடினவோ! கல்லிற் குறித்த நாள் 1409 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆந் திகதிக்கு ஒத்தது. செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவன் தன் மூன்றாம் பயணத்திற் கொண்டுவந்த கல் இது. சீன மொழிப் பகுதி புத்தபெருமானுக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயினாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய சமயத்தின் பொருட்டும் காணிக்கைகளைக் கூறுகின்றன. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல் நீளுகிறது. மூன்று சமயத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே வகைக் காணிக்கை. கடல் வாணிகம் செய்ய வந்தவனுக்கு இந்தத் தீவிலே எவரெவரை மதிக்கவேண்டுமென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. மதித்தான் என்று நினைத்து நாம் உருகிவிடவும் வேண்டாம். அதே பயணத்திற்றான் அவன் அழகக்கோனார் குலத்துத் தலைவனோடு போர் செய்து, அவனைச் சிறைபிடித்து 1411 ஆம் ஆண்டிலே சீனத்துக்குக் கொண்டு போனான்.

தேனவரை என்பது இக்காலத்துத் தெவிநுவர. தென்கோடியிலே கடலை நோக்கி நிற்கும் ஊர். 1344 ஆம் ஆண்டில் அங்கே சென்ற இபின் பட்டுட்டா, பெரிய கோயிலொன்றையும் ஆயிரம் அளவில் பிராமணரையும் யோகிகளையும், சந்நிதியிலே பாடியாடும் ஐந்நூறு பெண்களையும் பற்றி எழுதிவைத்திருக்கிறார். 1588 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் அதனை இடித்து எரித்தனர். கோயிலுக்குக் காணிக்கை சொன்ன கல் காலியில் மதகு மூடியானது. நாயினாருடைய பெயரைத் தமிழெழுத்திலே இன்றும் அந்தக் கல்லிற் படிக்கலாம். பரணவிதான அவர்கள் அத்தமிழ்ப் பகுதியைப் படித்துப் பதிப்பித்திருக்கிறார்.

இனி, என்னை வெட்கப்படுத்திய கல்லுக்கு வருகிறேன்.

கோட்டகமச் சாசனம் என்று அதற்குப் பெயர். கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகம என்னும் ஊரிற் கிடைத்தது. பெல் என்பார் கேகாலை மாவட்டத்தைப் பற்றி 1892 ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையினால் அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. தமிழிலே ஒரு வெண்பா, அவ்வளவுதான். சிங்கைநகர் ஆரியனைச் சேராத அரசரின் தேவியர் துயருற்ற நிலையைப் பாடுகிறது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி ஒருவரின் வெற்றியைக் குறிக்கும் பாட்டு என்பதில் ஐயமில்லை. மலைநாட்டின் வாயிலிலே, யாழ்ப்பாணத்துக்கு வெகு தூரத்திலே, நமது மன்னனைப் பாடும் ஒரு வெண்பா! தமிழ்ப் பிள்ளைகளை அதன் முன்னே நிறுத்தினால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? என் நெஞ்சும் நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சோடு, நான் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு சொல் கூட்டிக்கொண்டே போனேன். முதலில், "மன்னன் வென்றான்" என்றேன். பிறகு மன்னனுக்கு ஒரு பெயரும் வைத்தேன். பிறகு ஓர் ஆண்டும் குறித்தேன். கடைசியில், "இலங்கை முழுவதும் அவன் குடைக்கீழ் இருந்தது என்று இந்தக் கல் கூறுகிறது" என்றும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அன்று கூட்டத்தின் பின்னாலே வேட்டி சால்வையோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். எங்களுடன் வந்தவரல்லர். பிள்ளைகள் அடுத்த மண்டபத்துக்குப் போனபின் கிட்ட வந்தார்.

"தம்பி, நீர் சொன்னது கேக்க நல்லாய்த்தான் இருக்கு. அது இந்தக் கல்லிலை எந்த வரியிலை கிடக்கு?"

நான் கல்லைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். அவர் கேலியாகக் கேட்கவில்லை. மெய்யாகவே, வரியைக் காட்டினால் தாமும் படிக்கலாமென்றுதான் கேட்டார். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

"ஐயா, பெயர் இதிலே இல்லை."

"ஆண்டு?"

"அதுவும் இல்லை."

"அப்ப முழு இலங்கையும்?"

நான் பேசவில்லை. அவர் என் தோளிலே கைவைத்து, "கல்லு உள்ளதைத்தானே சொல்லும். நாங்கள் ஏன் அதுக்கு மேலை சொல்லுவான்?" என்று சொல்லிவிட்டு மெல்ல நடந்தார்.

அன்றிரவு புத்தகங்களை மீண்டும் எடுத்தேன். கல்லிலே உள்ளவை எவை? மேலே "சேது" என்னும் சொல். பின் வெண்பா. வெண்பாவிலே சிங்கைநகர் என்னும் ஊர்ப்பெயர், ஆரியன் என்னும் குலப்பெயர். எழுத்தின் அமைப்பைக்கொண்டு அறிஞர் அதனைப் பதினான்காம் அல்லது பதினைந்தாம் நூற்றாண்டுக்கு உரியதென்பர். சிங்கைநகர் எது என்பதிலேயே இரு கட்சிகள்; வல்லிபுரப் பகுதி என்பார் ஒருசாரார், நல்லூரே என்பார் மற்றொரு சாரார். இவ்வளவுதான் கல். மற்றவை வேறு இடங்களிலிருந்து வரவேண்டும், வரவும் செய்கின்றன. 1344 ஆம் ஆண்டிலே இபின் பட்டுட்டா புத்தளப் பகுதியில் ஆரியச் சக்கரவர்த்தியைத் தாமே கண்டு பேசியிருக்கிறார். அம்மன்னனுடைய கப்பல்களையும் முத்துக் குளிப்பையும் கூறுகிறார்; அவனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்கிறார்; தாம் பாவா ஆதம் மலைக்குப் போக அவன் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தான் என்று நன்றியோடு எழுதுகிறார். சிங்கள நூலாகிய ராஜாவலியும் ஆரியச் சக்கரவர்த்தி மலைநாட்டிலும் தாழ்நாட்டிலும் திறை கொண்டதைக் கூறுகிறது. பகைவரின் நூல் ஒப்புக்கொள்வதைப் பார்க்கிலும் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? நான் புளுகியிருக்கவே வேண்டியதில்லை. உள்ளதே போதியதாக இருந்தது. அதைத் தேடிப் படிக்கச் சோம்பி, இல்லாததைச் சேர்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வகுப்புப் பிள்ளைகள் வருவதாக இருக்கவில்லை. அவர்களுடைய ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதி, நான் சொன்னவற்றில் எவை பிழை என்று குறித்து அனுப்பினேன். அதை வகுப்பிலே படித்துக் காட்டினார் என்று பின்னர் அறிந்தேன். ஒரு பிள்ளை, "அந்த மாமா பொய் சொன்னவரா?" என்று கேட்டதாம்.

கல்லைப் படிப்பது எப்படியென்று இவ்விடத்தில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நமது இளைஞர்கள் ஊருக்குப் போகும்போது உதவும். தேய்ந்த கல்லை நேரே வெளிச்சம் விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொழுது சாயும் நேரத்து வெயிலிலே, அல்லது ரோச் விளக்கைப் பக்கவாட்டாகப் பிடித்துப் பார்க்கவேண்டும். எழுத்தின் பள்ளத்திலே நிழல் விழும்; மறைந்திருந்த எழுத்துக்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். சிலர் சோக்கட்டியால் எழுத்தின்மேல் எழுதிப் படமெடுக்கிறார்கள். இது பெரும் பிழை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சோக்கால் எழுதியவன் தன் ஊகத்தைக் கல்லின்மேல் எழுதிவிடுகிறான். பிறகு வருபவனுக்குக் கல் தெரிவதில்லை, ஊகந்தான் தெரிகிறது. (நான் வாயினாற் செய்ததும் இதுதானே!) முறையாகப் படியெடுப்பவர்கள் கல்லை நீரும் தூரிகையும் கொண்டு கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் மெல்ல மெல்ல அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளைப் புகுத்துவர். பின் மைப்பொதியால் ஒற்றுவர். மேடு கறுக்கும், பள்ளம் வெளுக்கும், காய்ந்தபின் உரித்தால் கரிய தாளிலே வெள்ளெழுத்து நிற்கும். ஒருமுறை இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாளை உரித்த அந்தக் கணத்தில் எவரும் மூச்சுவிடவில்லை. ஆனால் இது பழகியவர் கையாற் செய்ய வேண்டிய வேலை. நாமாகத் தொடங்கிக் கல்லைக் கெடுக்கலாகாது.

அந்தப் பெரியவரை மறுபடி கண்டது விக்கிரக மண்டபத்திலே. சுந்தரமூர்த்தி நாயனாருக்கு முன்னே நின்றுகொண்டிருந்தார். வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். சால்வை இடுப்பிலே. இரு கையும் கூப்பியபடி. கண்ணாடிக்கு அப்புறத்திலே நாயனார் மணக்கோலத்து இளைஞனாய் நிற்கிறார். கலியாணப் பந்தரிலிருந்து இறைவன் தடுத்தாட்கொண்ட கோலமென்று அறிந்தவர்கள் அறிவார்கள். பக்கத்தில் நின்ற காவலாளி சிங்கள மனிதர். அவர் ஒன்றும் சொல்லாமல், சன்னலோரமாக ஒதுங்கி நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் கும்பிட்டு முடித்துத் திரும்பினார். என்னை அடையாளங் கண்டு சிரித்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இவருக்கு இஞ்சை பூசை உண்டோ?"

இதற்கும் என்னிடம் விடை இல்லை. வரலாற்றைச் சொன்னேன். முதலாம் இராசராசன் காலத்தில், 993 ஆம் ஆண்டளவில், சோழர் அநுராதபுரத்தைக் கைக்கொண்டனர். பொலநறுவை அவர்களுக்குத் தலைநகராயிற்று. அங்கே வானவன் மாதேவி ஈச்சரம் போன்ற கற்கோயில்கள் எழுந்தன. 1070 ஆம் ஆண்டிலே முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். ஆயினும் சிவாலயங்கள் உடனே அழிந்துபோகவில்லை. பின்னும் நெடுங்காலம் அங்கே விளக்கெரிந்தது. காடு மூடியபின், 1907, 1908 ஆம் ஆண்டுகளில் பெல் முதலியோர் பொலநறுவைச் சிவாலயங்களின் அருகே அகழ்ந்தபோது இந்த மூர்த்திகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. நடராசர், பார்வதி, சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர். குமாரசுவாமி 1914 ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றி நூல் எழுதினார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவற்றின் சைவப் பொருளை விளக்கிக் கட்டுரை எழுதினார். பீடத்திலே துளைகள் இருப்பதைப் பெரியவருக்குக் காட்டினேன். வீதியுலாவின்போது கம்பு கோத்துத் தூக்குவதற்கு வைத்தவை அவை. "அப்ப இவையள் வெளியிலை உலாப் போனவை" என்றார் அவர். ஆம் என்றேன். சற்று நேரம் அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருகோணமலையிலை கிணறு வெட்டேக்கை வந்த சுவாமியளை மாத்திரம் கோயிலிலை வைச்சுப் பூசை செய்யினந்தானே?"

அவர் சொன்னது சரி. 1950 ஆம் ஆண்டிலே கோணேசர் மலைக்கு அணித்தாகக் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர் முதலான திருவுருவங்கள் வெளிப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்தகாலத்தில் அடியார்கள் புதைத்து வைத்தவை அவை என்று கருதுவர். அவற்றை மக்கள் ஊர்வலமாகக் கொண்டுபோய் வணங்கினர். ஆலயமும் புதிதாக எழுந்து 1963 ஆம் ஆண்டிலே குடமுழுக்குக் கண்டது. ஒரே மண்ணுக்குள் மறைந்த மூர்த்திகள். ஒருசாரார் கருவறையிலே, ஒருசாரார் கண்ணாடிக்குள்ளே.

இது நியாயமோ என்று நமது சங்க வாலிபர் சிலர் சூடாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். என் எண்ணத்தைச் சொல்கிறேன், ஏற்காதவர் ஏற்காதிருக்கலாம். கோணேசர் மூர்த்திகள் வெளிப்பட்டபோது அவர்களை எதிர்கொள்ள ஊர் இருந்தது, கோயிலுக்கு இடம் இருந்தது, அடியார் இருந்தனர். 1907 இலே பொலநறுவையில் இருந்தது காடு. அன்று நூதனசாலை எடுத்துக் காத்திராவிட்டால் நமது சுந்தரர் உருக்கும் பட்டறைக்கோ கப்பலேறிப் பிற நாட்டுக்கோ போயிருப்பார். ஆகவே கண்ணாடியை நான் வெறுக்கமாட்டேன். அதே வேளையில், கண்ணாடியின் முன்னே கைகூப்புகிற ஒருவரைப் பார்த்து, "இது காட்சிப்பொருள்" என்று சொல்லவும் மாட்டேன். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்கிறேன்: தொடக்கூடாது, கைவியர்வை உலோகத்தைத் தின்னும், கும்பிடுவதை எவரும் தடுக்கவில்லை. அந்தக் காவலாளி இதனை என்னிலும் முன்னரே அறிந்திருந்தார்.

இந்நாட்டுச் சரித்திரத்தைத் தேடித் தந்தவர்களை எண்ணிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மதகிலே சாசனத்தைக் கண்டவர் எஞ்சினியர். கந்தரோடையிலே 1917 ஆம் ஆண்டு முதலாக அகழ்ந்து பழைய நாணயங்களையும் கட்டடச் சின்னங்களையும் வெளிக்கொணர்ந்த போல் பீரிஸ் யாழ்ப்பாணத்திலே நீதிபதி. 1926 ஆம் ஆண்டில் பண்டைய யாழ்ப்பாணத்தைப் பற்றி ஆங்கிலத்திலே பெருநூல் எழுதிய முதலியார் இராசநாயகம் அரசாங்க உத்தியோகத்தர். சுவாமி ஞானப்பிரகாசர் கத்தோலிக்கக் குரு. திருகோணமலைத் திருவுருவங்களை ஆராய்ந்து எழுதிய பாலேந்திரா வைத்தியர். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டை மறந்து, மனைவிமாரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு செய்த வேலைகள் இவை. இவர்களுடைய முடிபுகளிற் பல இன்று திருத்தப்பட்டுவிட்டன. இராசநாயக முதலியாருடைய நூலிலே பத்திக்குப் பத்தி மறுப்பெழுதலாம். என்றாலும் எதை எங்கே கண்டோம் என்று அவர்கள் எழுதிவைத்தார்கள். திருத்துபவனுக்கு அதுதான் ஆதாரம்.

எழுதிவைக்காவிடில் என்ன ஆகும்? நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்று இருக்கிறது. பேராசிரியர் இந்திரபாலா அதனைப் படித்து 1963 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். ஊராத்துறையிலே பிறதேசத்து வணிகர் அச்சமின்றித் தங்கவேண்டும். யானை குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றைச் சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஒரு சிங்கள மன்னன் நமது தீவுப்பகுதித் துறைமுகத்துக்குத் தமிழிலே எழுதிவைத்த சட்டம்! இத்தகைய கல் ஒன்று, திருப்பணி நடக்கும் எத்தனையோ கோயில்களிலே சுண்ணாம்பு பூசப்பட்டும், தளத்துக்கு அத்திவாரமாகப் போடப்பட்டும் மறைந்திருக்கக்கூடும். குடமுழுக்குக்கு நாள் குறித்துவிட்டால் நமது திருப்பணிச் சபையாருக்குக் கண் தெரிவதில்லை. பழைய கல்லைப் பெயர்க்குமுன் ஒரு படம் எடுங்கள் என்றால், "முகூர்த்தம் தப்பிப்போம்" என்கிறார்கள். 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின; அதனை நினைத்து இன்றும் கண்ணீர் விடுகிறோம். சுண்ணாம்பு வாளியைக் கையிலே எடுக்கும்போதும் அதை நினைக்கலாமே.

பெரியவர் மூன்றாம் முறை வந்தபோது சால்வைத் தலைப்பிலே ஏதோ முடிந்துகொண்டு வந்தார். படிக்கட்டிலே இருந்து அவிழ்த்தார். ஒரு செப்புக் காசு. மஞ்சளும் குங்குமமும் ஏறி அடைபிடித்திருந்தது. எங்கள் சங்கத்து இளைஞன் ஒருவன் பார்த்தவுடன், "புளி போட்டு மினுக்கட்டுமா ஐயா?" என்றான். நான் பாய்ந்து தடுத்தேன். புளி அழுக்கோடு எழுத்தையும் கொண்டுபோகும். பழங்காசு நம்மிலே பலருடைய வீட்டில் இப்படித்தான் செத்தது.

வெயிலிலே சரித்துப் பார்த்தோம். ஒரு பக்கத்திலே நிற்கும் மனித உருவம். மறுபக்கத்திலே படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே இரண்டு எழுத்து. பெரியவர் கண்ணாடியை மூக்கிலே ஏற்றி, எழுத்துக்கூட்டி, "சே... து..." என்றார். அப்படியே என்னைப் பார்த்தார். கோட்டகமக் கல்லின் தலைப்பிலே நிற்கும் அதே சொல். ஆரியச் சக்கரவர்த்திகளின் காசென்று இராசநாயக முதலியாரும், 1924 ஆம் ஆண்டிலே இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதிய கொட்றிங்ரனும் கொண்ட வகை அது.

"எங்கே கிடைத்தது, ஐயா?"

"எங்கடை ஆச்சியின்ரை கைப்பெட்டியிலை இருந்தது. பூசையறையிலை வைச்சுக் கும்பிட்டவை."

"ஆச்சிக்கு எங்கே கிடைத்தது?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். ஐம்பது வருடமாகத் தினமும் பூவைத்துக் கும்பிட்ட காசு. அது எங்கிருந்து வந்ததென்று ஒருநாளும் கேட்டதில்லை. எந்த மண்ணிலே கிடைத்ததென்று தெரியாத காசு, பெயரறியாத பிள்ளைபோல. கிடைத்த இடம் தெரிந்தாலல்லவோ அந்த ஊரிலே அக்காலத்தில் ஆட்கள் இருந்தார்கள், கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று ஒரு சொல் சொல்லலாம்? (நிலத்திலே புதிதாகப் பழம்பொருள் கண்டெடுத்தால் அறிவிக்கவேண்டுமென்று 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் கூறுகிறது. இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்க.)

"ஊரிலை அக்கா இருக்கிறா. எண்பது தாண்டிட்டுது. அவவுக்குத் தெரியுமோ என்னமோ" என்று காசை மறுபடி முடிந்துகொண்டு போனார்.

நாலு ஞாயிறு வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு வந்தார். ஊருக்கே போய் வந்திருக்கிறார். கொப்பித் தாளொன்றிலே பென்சிலால் எழுதியிருந்தது. அக்கா சொல்லச் சொல்லத் தாமே எழுதியதாம். ஆச்சியின் தாயார் கலியாணம் முடித்து வந்த வருடம், வீட்டுக்குக் கிழக்கே தோட்டக் காணியைக் கொத்தும்போது, மேட்டுப் பக்கத்திலே, ஒரு சிறு மண் முட்டிக்குள் ஏழெட்டுக் காசு இருந்ததாம். மற்றவை பிள்ளைகள் விளையாடித் தொலைந்தனவாம். முட்டியை உடைத்து எறிந்தார்களாம். காணியின் பெயரும் எல்லையும் எழுதியிருந்தன. அடியிலே, "இப்படிச் சொன்னது என் தமக்கையார்" என்று அவருடைய பெயரும், கேட்ட நாளும்.

"இதிலை நான் ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லைத் தம்பி" என்றார்.

அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் இருவரும் அவரோடு வந்திருந்தார்கள். நான் வகுப்புப் பிள்ளைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு உள்ளே போனபோது, கோட்டகமக் கல்லின் முன்னே மூவரும் நின்றார்கள். மூத்தவன், இது யாருடைய கல், எந்த வருடத்துக் கல் என்று கேட்கிறான். பெரியவர் குனிந்து, தொடாமல், விரலை எட்டத்திற் பிடித்துக் காட்டுகிறார்.

"வருஷம் இதிலை இல்லைப் பிள்ளையள். ராசாவின்ரை பேரும் இல்லை. மேலை 'சேது' எண்டு இருக்கு, பாருங்கோ. சரிஞ்சு நிண்டு பாருங்கோ, அப்பத்தான் தெரியும்."